சோடியம் குறைந்த உப்பு: யாருக்கு நல்லது, யாருக்கு எச்சரிக்கை?

சிங்கப்பூர்வாசிகள் நாளுக்குச் சராசரியாக 3,620 மில்லிகிராம் சோடியம் உட்கொள்வதாக 2022 தேசிய ஊட்டச்சத்து ஆய்வு காட்டியது. உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு 2,000 மில்லிகிராம், அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி உப்பு. சாம்பாரில் உப்பைக் குறைத்தாலும் ஊறுகாய், அப்பளம், கருவாடு அந்தக் கணக்கை ஏற்றிவிடும்.

சோடியம் மிகுந்தால் உடலில் நீர் தங்கி, ரத்த அழுத்தம் கூடுகிறது. பொட்டாசியம், மிகுதியான சோடியத்தைச் சிறுநீரில் வெளியேற்ற உதவுகிறது. தேக்கா சந்தையில் வாங்கும் கீரை, வாழைப்பழம், பருப்பு, இளநீரில் அது உண்டு.

சோடியம் குறைந்த உப்பில் ஒரு பகுதி பொட்டாசியம் உப்பு. ஆனால், சிறுநீரகக் கோளாறு உள்ளோரும் சிலவகை ரத்த அழுத்த மருந்து சாப்பிடுவோரும் மருத்துவரைக் கேட்காமல் இதற்கு மாறக்கூடாது. உடலில் பொட்டாசியம் அளவு மீறினால் இதயத் துடிப்பு தடுமாறும். மற்றவர்கள் இந்த உப்பையும் அளவோடுதான் போடவேண்டும்.