முன்னோரை விட்டு ஒரு மோட்சமா?

1552-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், ஐரோப்பாவிலிருந்த தம் சபையினருக்குக் கொச்சியிலிருந்து நீண்டதொரு மடல் எழுதினார் பிரான்சிஸ் சவேரியார். நம் முத்துக்குளித்துறைக் கடலோர ஊர்களில் சில ஆண்டுகள் சமயப்பணி ஆற்றியவர் அவர். பின்னர் 1549 ஆகஸ்டு 15 அன்று ஜப்பானின் தென்பகுதியிலுள்ள ககோஷிமாவில் கரையிறங்கி, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அந்நாட்டில் தங்கித் திரும்பியிருந்தார். அங்கே கண்டதையும் கேட்டதையும் விரித்துரைக்கும் அம்மடலில் ஒரு கேள்வி இடம்பெற்றுள்ளது.

புதிய சமயத்தைத் தழுவிய ஜப்பானியர் அவரிடம் தம் முன்னோரைப் பற்றிக் கேட்டனர். இறந்துபோன பெற்றோரும் பாட்டன்மாரும் இந்த உபதேசத்தைக் கேட்டறியாதவர்கள். அவர்களுடைய கதி என்ன? பிள்ளைகள் பிரார்த்தனை செய்தும் தானம் அளித்தும் அவர்களைக் கரையேற்ற இயலாதா? இயலாது என்பதே சவேரியார் அளித்த மறுமொழி. அதைக் கேட்டவர்கள் கண்ணீர் விட்டு அழுதனர். தம் அன்புக்குரியோர் அழுவதைக் கண்டு தாமும் மனம் வருந்தியதாக அவரே எழுதியிருக்கிறார்.

பிதிர்க்கடனைத் தலையாய கடனாகக் கொண்ட குடும்பங்களுக்கு அந்தக் கண்ணீரின் பொருளை எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஜப்பானில் கிறிஸ்தவம் பரவியதும், ஒளிந்ததும், மீண்டதும், இன்றளவும் ஒரு சிறு பகுதியாகவே நிற்பதும் ஆகிய நீண்ட வரலாறு முழுவதிலும் அந்தக் கேள்வி தொடர்ந்து வந்திருக்கிறது.

வந்த தெய்வங்களை வரவேற்ற நாடு

வெளியிலிருந்து வந்த வழிபாடு ஜப்பானியருக்குப் புதிதன்று. ஆறாம் நூற்றாண்டில் கொரியா வழியாகப் பௌத்தம் அங்கே சென்றது. அதனுடன் பாரத நாட்டுத் தெய்வங்களும் சென்றன. வீணைக்கு ஒப்பான பிவா என்னும் நரம்புக்கருவியை ஏந்திய பென்சைதென், நம் சரஸ்வதி தேவியே. பிஷாமோன்தென் என்பவர் வைசிரவணன், அதாவது குபேரன். மகாகாலர் அங்கே தைகோகுதென் ஆகி, அரிசி மூட்டைகளின் மேல் சிரித்த முகத்துடன் நிற்கிறார். இம்மூவரும் ஜப்பானியர் புத்தாண்டில் வணங்கும் ஏழு நற்பேற்றுத் தெய்வங்களின் வரிசையில் இன்றும் உள்ளனர். அந்நாட்டின் தொன்மையான ஷிந்தோ தெய்வங்கள் இவர்களுக்கு இடம் கொடுத்தன. புதியவர் வந்ததற்காகப் பழையவர் விலக்கப்படவில்லை.

சவேரியாருடன் சென்ற ஆஞ்சிரோ என்ற ஜப்பானியர், கிறிஸ்தவ இறைவனைக் குறிக்க முதலில் 'தைனிச்சி' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். பேரொளியான வைரோசன புத்தருக்குரிய பெயர் அது. ஆகவே பௌத்தத் துறவியர் வந்தவர்களை மகிழ்வுடன் ஏற்றனர். கோவாவிலிருந்து வந்தமையால், இது 'தென்ஜிகு' எனப்படும் பாரத நாட்டிலிருந்து வந்த மற்றுமொரு பௌத்தப் பிரிவு என்றே பலர் கருதினர். அச்சொல் பொருந்தாது என்பதை உணர்ந்த சவேரியார், 'தேயுஸ்' என்ற லத்தீன் சொல்லையே கையாளத் தொடங்கினார். தேயுஸை ஏற்பவர் ஏனைய தெய்வங்களை விட வேண்டும் என்பது தெளிவானதும் வரவேற்பு வாதமாக மாறியது.

தடையும் தண்டனையும்

எனினும் கியூஷு தீவின் சிற்றரசர் சிலரும் குடிமக்கள் பலரும் அச்சமயத்தில் சேர்ந்தனர். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கணிப்பு. நாட்டை ஒரு குடைக்கீழ் கொண்டுவந்த ஆட்சியாளர்கள் இதை ஐயத்துடன் நோக்கினர். அயல்நாட்டுக் கப்பல்களும் துப்பாக்கிகளும் சமயப் பணியாளரும் ஒரே துறைமுகத்தில் வந்திறங்கியது அவர்களுக்கு அச்சம் தந்தது. சில சிற்றரசர்களின் பகுதிகளில் ஆலயங்களும் புத்த விகாரங்களும் இடிக்கப்பட்டதும் அவர்கள் சினத்தைக் கிளறியது.

1587-இல் ஹிதேயோஷி, பாதிரியார்கள் வெளியேற வேண்டுமென ஆணையிட்டார். 1597 பிப்ரவரி 5 அன்று நாகசாகியின் நிஷிசாகா குன்றில் 26 பேர் சிலுவையில் அறையப்பட்டனர். 1614-இல் தோகுகாவா அரசு நாடெங்கும் அச்சமயத்தைத் தடை செய்தது. கடும் வரியாலும் கெடுபிடியாலும் நொந்த ஷிமாபாரா, அமாகுசா பகுதிகளின் உழவர்கள் 1637-இல் கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டு அவர்கள் அடியோடு அழிக்கப்பட்டனர். 1644-இல் நாட்டில் எஞ்சியிருந்த கடைசிப் பாதிரியாரும் கொல்லப்பட்டார்.

அதன்பின் ஒவ்வொரு குடும்பமும் ஏதேனும் ஒரு பௌத்தக் கோயிலில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும் என்பது சட்டமாயிற்று. நாகசாகிப் பகுதியில் ஆண்டுதோறும் புத்தாண்டுக் காலத்தில், இயேசு அல்லது மரியாளின் உருவம் பொறித்த தகட்டை ஒவ்வொருவரும் காலால் மிதித்துக் காட்ட வேண்டும். மறுத்தால் தண்டனை. பலர் மிதித்தனர், வீடு திரும்பியபின் கதவடைத்து, மன்னிப்பு வேண்டும் ஜெபத்தை ஓதினர்.

சரக்கறையில் வாழ்ந்த வழிபாடு

குருமார் இல்லை, வேதநூல் இல்லை, கோயிலும் இல்லை. ஆயினும் நாகசாகியின் உராகாமி, சோதோமே, இகிட்சுகி, கோத்தோ தீவுகள் ஆகிய இடங்களில் இவ்வழிபாடு ஏழு தலைமுறை காலம் அழியாமல் இருந்தது. அதைக் காத்தவை குடும்பங்களே.

ஊர்ப் பெரியவர்களுள் ஒருவர் நாட்காட்டியைப் பேணி, விரத நாட்களையும் விழா நாட்களையும் அறிவித்தார். மற்றொருவர் பிறந்த குழந்தைக்கு நீர் தெளித்துப் பெயர் சூட்டினார். 'ஒராஷோ' எனப்படும் ஜெபங்கள் எழுத்தில் இன்றி, பெரியவர் சொல்ல இளையவர் கேட்டு மனனம் செய்யும் பாராயணமாக வந்தன. லத்தீனும் போர்த்துக்கீசியமும் ஜப்பானியமும் கலந்த அச்சொற்கள் வாய்வழியில் உருமாறி, பல இடங்களில் பொருளே விளங்காதவை ஆயின. ஆயினும் ஓதுவது நிற்கவில்லை.

இகிட்சுகித் தீவில் வழிபாட்டுப் படச்சுருள்களை வீட்டின் உள்ளே, பொருள்கள் வைக்கும் இருண்ட சரக்கறையில் மறைத்து வைத்தனர். அதனால் அத்தெய்வத்துக்குச் 'சரக்கறைத் தெய்வம்' என்றே பெயர் அமைந்தது. அப்படங்களில் மரியாளும் குழந்தையும் ஜப்பானிய உடையிலேயே காட்சி தருகின்றனர். வேறு ஊர்களில் சீனத்திலிருந்து வந்த வெண்பீங்கான் கன்னோன் சிலை மரியாளாக வணங்கப்பட்டது. கன்னோன் என்பது பௌத்தரின் கருணை வடிவமான அவலோகிதேசுவரர். அதிகாரிகள் வந்து பார்த்தால் அது கன்னோன். வணங்கும் தாய்க்கு அது மரியாள்.

தீர்த்தமும் உண்டு. இகிட்சுகிக்கு அருகே நகாயெனோஷிமா என்ற, மக்கள் வாழாத சிறு தீவில் 1620-களில் கிறிஸ்தவர் பலர் கொல்லப்பட்டனர். அத்தீவின் பாறை வெடிப்பில் கசியும் நீரைப் புனித நீராக எடுத்துவந்து, குழந்தைக்குப் பெயரிடவும் வீட்டைத் தூய்மை செய்யவும் பயன்படுத்தினர்.

ஒருவர் இறந்தால் சட்டப்படி பௌத்தத் துறவி வந்து சூத்திரம் ஓதுவார். அதே வேளையில் உறவினர் சிலர் மறைவாக இருந்து தம் ஜெபத்தை ஓதுவர். வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக வாழ்ந்தாலும், காலப்போக்கில் இரண்டும் அவர்களுடைய வாழ்வாகவே ஆகிவிட்டன.

எதிர்பார்த்த கப்பல்

ஏழு தலைமுறை கழிந்தபின் குருமார் கப்பலில் வருவர் என்ற நம்பிக்கை அவர்களிடையே வழங்கி வந்தது. ஜப்பான் தன் துறைமுகங்களைத் திறந்தபின், நாகசாகியில் வாழும் அயல்நாட்டவருக்கென ஓராவில் ஒரு தேவாலயம் எழுந்தது. 1865 மார்ச் 17 அன்று உராகாமியைச் சேர்ந்த சிலர் அங்கே வந்தனர். அவர்களுள் ஒரு பெண்மணி, பிரெஞ்சுப் பாதிரியார் பெத்திஜானை நெருங்கி, தம் உள்ளமும் அவர் உள்ளமும் ஒன்றே என மெல்லச் சொல்லி, மரியாளின் திருவுருவம் எங்கே என்று வினவினார்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. தடை அப்போதும் நடைமுறையில் இருந்தது. இறந்தோர்க்குப் பௌத்தச் சடங்கு வேண்டாம் என உராகாமி மக்கள் வெளிப்படையாக மறுத்ததும், 3,400 பேர் அளவில் ஊரை விட்டுப் பல பகுதிகளுக்குக் கடத்தப்பட்டனர். 600-க்கும் மேற்பட்டோர் ஊர் திரும்பாமலே மாண்டனர். அயல்நாடுகளின் கண்டனத்துக்குப் பிறகு 1873-இல் தடை அறிவிப்புப் பலகைகள் அகற்றப்பட்டன.

திரும்பாதவர்கள்

தடை நீங்கியதும் மறைந்து வாழ்ந்தோர் பலர் கத்தோலிக்கச் சபையில் சேர்ந்தனர். ஆனால் எல்லாரும் சேரவில்லை. சபையில் சேர்வதென்றால் வீட்டுப் பௌத்த பீடத்தையும், முன்னோர் பெயர் பொறித்த பலகைகளையும், தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த சடங்குகளையும் விட வேண்டும். உயிரைப் பணயம் வைத்து இந்த வழிபாட்டைக் காத்தவர்கள் அந்த முன்னோர்களே. அவர்களுடைய முறை தவறு என்று எப்படிச் சொல்வது? சவேரியாரிடம் கேட்கப்பட்ட அதே கேள்வி, முன்னூறு ஆண்டுகளுக்குப் பின் இவர்கள் வாசலிலும் வந்து நின்றது. இவர்கள் முன்னோர் வழியிலேயே நின்றனர். ஏன் என்று கேட்டால், முன்னோர் செய்ததை மாற்றாமல் காப்பதே தம் கடமை என்பதே அவர்கள் தந்த விடை.

சோதோமேயில் வேறொரு காரணமும் இருந்தது. அங்குள்ள தென்புகுஜி என்ற பௌத்தக் கோயில், தன் பதிவேட்டிலிருந்த குடும்பங்கள் மறைவாகக் கிறிஸ்தவத்தைப் பின்பற்றுவதை அறிந்தும் காட்டிக்கொடுக்காமல் காத்தது. அந்த நன்றியை மறவாமல், தடை நீங்கிய பின்னரும் சில குடும்பங்கள் அக்கோயிலைச் சார்ந்தே வாழ்ந்தன. அப்பகுதியின் காட்டுக்குள், தங்களுக்கு உபதேசித்த பாதிரியார் ஒருவரைத் தெய்வமாக வைத்து வணங்கும் கரேமாட்சு என்ற ஷிந்தோ கோயிலும் உண்டு. அங்கே கத்தோலிக்கரும் பௌத்தரும் பழைய மறைவழி மரபினரும் ஒன்றுகூடி முன்னோர்க்கு அஞ்சலி செலுத்துகின்றனர்.

மதம் இல்லை, வழிபாடு உண்டு

இன்றைய ஜப்பானில் கிறிஸ்தவர்கள் மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர் அளவே. ஆனால் கிறிஸ்தவத்தின்மீது வெறுப்பு இல்லை. கிறிஸ்தவப் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பிள்ளைகளை விரும்பிச் சேர்க்கின்றனர். சமயம் மாறாத மணமக்களும் தேவாலய அமைப்பிலுள்ள மண்டபத்தில் திருமணம் செய்துகொள்கின்றனர். அதே குடும்பத்தில் குழந்தை பிறந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஷிந்தோ கோயிலுக்கு எடுத்துச் செல்வர். இறந்தால் பெரும்பாலும் பௌத்த முறையில் ஈமச்சடங்கு நடைபெறும். 'உங்கள் மதம் எது?' என்று கேட்டால் பெரும்பாலோர் 'மதம் இல்லை' என்றே சொல்வர். சமய அமைப்புகள் அரசுக்குத் தரும் உறுப்பினர் கணக்கைக் கூட்டினாலோ, அது நாட்டின் மக்கள்தொகையையே மிஞ்சுகிறது. ஒரே குடும்பம் ஷிந்தோ கோயிலின் கணக்கிலும் பௌத்தக் கோயிலின் கணக்கிலும் இடம்பெறுவதே காரணம்.

இது முரணாகத் தோன்றலாம். மதம் என்பதைக் குறிக்க இன்று அவர்கள் வழங்கும் 'ஷூக்யோ' என்ற சொல், பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேலைநாட்டுச் சொல்லின் மொழிபெயர்ப்பாக நிலைபெற்றது. ஒரு கொள்கையை ஏற்று ஒரு சபையில் சேர்வதே அச்சொல்லால் பலர் உணரும் பொருள். காலையில் வீட்டுப் பீடத்தில் முன்னோர்க்குச் சோறும் நீரும் படைத்துக் கைகூப்புவதை அவர்கள் மதம் என்று எண்ணுவதில்லை. அது வீட்டின் கடமை. கோடைக்காலத்து ஓபோன் நாட்களில் முன்னோர் இல்லம் வருவதாக எண்ணி விளக்கேற்றி வரவேற்று, பின் வழியனுப்புகின்றனர். நம் மகாளய பட்சத்தை அறிந்தோர்க்கு அதன் உட்பொருள் எளிதில் விளங்கும்.

ஓதுவோர் குறையும் தீவு

2018-இல் நாகசாகிப் பகுதியின் மறைவழிக் கிறிஸ்தவத் தலங்கள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நகாயெனோஷிமாத் தீவும் அவற்றுள் ஒன்று. உலகம் திரும்பிப் பார்க்கும் இந்நேரத்தில், இகிட்சுகியில் வழிபாட்டுக் குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்து வருகின்றன. இளைஞர்கள் பிழைப்பைத் தேடி நகரங்களுக்குச் செல்கின்றனர். ஒராஷோவை முழுமையாக மனத்தில் நிறுத்திய முதியவர் சிலரே எஞ்சியுள்ளனர். சில வீடுகளின் சரக்கறைத் தெய்வங்கள் அத்தீவின் அருங்காட்சியகத்தில் ஒப்படைக்கப்பட்டுள்ளன.

அரசின் வாளும் ஒற்றர்களின் கண்ணும் அழிக்க முடியாத வழிபாடு அது. பெற்றோர் சொல்லப் பிள்ளைகள் கேட்கும்வரை அதற்கு அழிவில்லை. இன்று ஓதுவதற்கு எந்தத் தடையும் இல்லை. அருகில் அமர்ந்து கேட்க ஒரு பேரன் வேண்டும், அவ்வளவே.