ஜாமீன் கடைக்குள் ஒரு டெமோ!

லாஸ் ஏஞ்சலிஸில் ட்வின் டவர்ஸ் சிறையைச் சுற்றியுள்ள தெருக்களில், ராத்திரி இரண்டு மணிக்கும் போன் எடுக்கும் கடைகள் உண்டு. ஜாமீன் கடைகள்! கைதானவருக்காக நீதிமன்றத்தில் பத்திரம் கொடுத்து அவரை வெளியே கொண்டுவருவதுதான் இவர்கள் பிழைப்பு. காசு வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்கும் தொழிலை அமெரிக்காவையும் பிலிப்பைன்ஸையும் விட்டால் பார்ப்பதே அபூர்வம். அமெரிக்காவிலேயே கென்டக்கி, இல்லினாய், ஆரெகன், விஸ்கான்சின் மாநிலங்கள் இதை அனுமதிப்பதில்லை. கலிஃபோர்னியாவில் ஜோராக நடக்கிறது.

அந்தக் கவுன்டருக்குப் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டரைத்தான் இன்றைக்கு எட்டிப் பார்க்கப் போகிறோம். கட்சிக்காரர், வழக்கு எண், வாய்தா, பணம் எல்லாவற்றையும் கட்டி மேய்க்கும் சாஃப்ட்வேரை எப்படித் தேர்ந்தெடுப்பது? கேட்க ஆபீஸ் சமாச்சாரம்போல இருக்கும். உள்ளே போனால், அடேயப்பா!

முதலில் பணம். நீதிபதி 50,000 டாலர் பிணை என்கிறார். குடும்பம் கட்டுவது வழக்கமாக 10 சதவீதம், அதாவது 5,000 டாலர். அது கட்டணம், திரும்பி வராது. கட்சிக்காரர் வாய்தாவுக்கு வராவிட்டால் முழுத் தொகைக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் கடை நடத்தும் ஏஜென்ட்டும், அவருக்குப் பின்னால் நிற்கும் காப்பீட்டு நிறுவனமும். அந்த நிறுவனம் தன் சார்பில் ஜாமீன் எழுத அதிகாரம் தரும் ‘பவர்’ தாள்களை ஏஜென்ட்டிடம் கொடுத்து வைத்திருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வரிசை எண், இத்தனை டாலர் வரைதான் என்று ஓர் உச்சவரம்பு. கையெழுத்துப் போட்ட செக்புக்கைப் பூட்டி வைப்பதுபோல இதைக் காக்க வேண்டும். எழுதியது எத்தனை, ரத்தானது எத்தனை, கையிருப்பு எத்தனை என்று நிறுவனத்துக்குக் கணக்குக் காட்டியாக வேண்டும். அதனால் டெமோ காட்ட வருபவர் கலர்கலராக வரைபடங்களைத் திறக்கும்போது மயங்கிவிடாதீர்கள். “ஒரு பவரை ரத்து செய்து காட்டுங்கள். அதே எண்ணில் மறுபடி எழுத முடிகிறதா பார்க்கலாம்” என்று கேளுங்கள். எழுத முடிந்தால் அந்த சாஃப்ட்வேர் வேண்டவே வேண்டாம்.

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். கொஞ்சம் கிட்டே வாருங்கள்.

கட்சிக்காரர் ஆஜராகவில்லை. நீதிபதி பிடிவாரண்ட் போட்டு, பிணையைப் பறிமுதல் என்று அறிவிக்கிறார். பணம் அன்றைக்கே போய்விடாது, ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கும்! கலிஃபோர்னியா சட்டப்படி நீதிமன்ற குமாஸ்தா 30 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஏஜென்ட்டுக்கும் தபாலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அனுப்பிய நாளிலிருந்து 180 நாள், தபாலுக்காக இன்னும் 5 நாள். அந்த 185 நாளுக்குள் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினால் பிணை தப்பிக்கும். தக்க காரணம் காட்டினால் நீதிமன்றம் மேலும் 180 நாள் வரை அவகாசம் தரலாம்.

ஓர் உதாரணத்தை டெமோவில் தட்டிப் பார்ப்போம். 2025 பிப்ரவரி 10இல் பறிமுதல், மார்ச் 3இல் நோட்டீஸ் தபாலில் போனது. திரையில் செப்டம்பர் 4 வர வேண்டும். ஆகஸ்ட் 14 வந்தால், பறிமுதலான நாளிலிருந்தே எண்ணத் தொடங்கிவிட்டது. ஆளைத் தேடக் கிடைத்த மூன்று வாரம் வீண். கடிதம் கைக்கு வந்து பதிவு செய்த நாளிலிருந்து எண்ணினால் அதைவிட ஆபத்து. கெடு தாண்டிய பிறகும் நாள் மிச்சமிருப்பதாகத் திரை சொல்லிக்கொண்டிருக்கும், 50,000 டாலர் தலையில் விழும்.

இப்போது தபால் தேதியை மார்ச் 17 என்று மாற்றுங்கள். 30 நாள் கெடு மார்ச் 12லேயே முடிந்துவிட்டது. குமாஸ்தா தாமதித்துவிட்டார், அதனால் சட்டம் பிணையையே விடுவித்துவிடுகிறது! இதைக் கண்டுபிடித்துச் சிவப்புக் கொடி காட்டும் சாஃப்ட்வேர் இருந்தால் அதைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம். தபால் அனுப்பியதற்கு குமாஸ்தா தரும் சான்றின் நகலை அந்தத் தேதிக்குப் பக்கத்திலேயே இணைத்து வைக்கவும் இடம் வேண்டும். பின்னால் வாதாடப் போவது அதை வைத்துத்தான்.

அடுத்தது, கட்சிக்காரருக்காக உடன் கையெழுத்துப் போடுகிறவர். பல வேளைகளில் அம்மாவோ பாட்டியோதான், அதுவும் நடுராத்திரிப் பதற்றத்தில். கட்டணத்தைத் தவணையில் கட்டும் ஒப்பந்தம் நுகர்வோர் கடன்தான் என்று 2021இல் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே, ‘கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் நீங்கள் கட்ட வேண்டிவரும்’ என்ற எச்சரிக்கை நோட்டீஸை முன்கூட்டியே தர வேண்டும். தராமல் அவரிடம் வசூலிக்க முடியாது. எனக்கு இந்தத் தீர்ப்பில் அவ்வளவு சந்தோஷம்! தவணை என்று தேர்ந்தெடுத்த உடனே அந்த நோட்டீஸும் சேர்ந்து அச்சாக வேண்டும். ஊழியர் ஞாபகமாக எடுத்துக் கொடுப்பார் என்று விடுவது சரியில்லை.

வாய்தாவை ஞாபகப்படுத்தும் எஸ்எம்எஸ் வசதியைச் சிலர் கூடுதல் காசுக்கு விற்கிறார்கள். வாங்குங்கள், தயங்கவே வேண்டாம். நியூயார்க் நகரில் சில்லறைக் குற்றங்களுக்குச் சம்மன் வாங்கியவர்களை வைத்து நடந்த ஆய்வு 2020இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. எஸ்எம்எஸ் அனுப்பியதால் ஆஜராகாமல் போவது 21 சதவீதம் குறைந்திருக்கிறது. வராதவர்களில் எத்தனையோ பேர் தப்பி ஓடியவர்கள் இல்லை, தேதியை மறந்தவர்கள். ஒரு குறுஞ்செய்தியால் ஒருவருக்குப் பிடிவாரண்ட் இல்லாமல் போகிறது, அவர் வேலை பிழைக்கிறது, கடைக்கும் நஷ்டமில்லை. இதைவிட நல்ல செலவு உண்டா?

கட்சிக்காரர் செல்ஃபி எடுத்து, இருக்கும் இடத்தோடு அனுப்புகிற ‘செக்-இன்’ வசதியில் மட்டும் நான் கொஞ்சம் கறார். யார் யார் அதைப் பார்க்கலாம், வழக்கு முடிந்ததும் அழிகிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாத ஒரு மனிதரின் நடமாட்டம் அது.

சாஃப்ட்வேர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், முடிந்துபோன பழைய ஃபைல்களில் சிக்கலானவையாகப் பொறுக்கிக் கொண்டுபோய் விற்பவர்களை உங்கள் எதிரிலேயே ஏற்றச் சொல்லுங்கள். பறிமுதலாகிப் பிறகு மீண்டது ஒன்று, தவணை பாதியில் நின்றது ஒன்று, இரண்டு பவர் சேர்த்து எழுதியது ஒன்று. ஏற்றியதையெல்லாம் அப்படியே எக்செல்லில் வெளியே எடுத்துத் தரச் சொல்லுங்கள். வாய்தா தேதிகளும் தபால் தேதிகளும் ஒன்று விடாமல் அதில் வந்திருந்தால், விலையைப் பேச ஆரம்பிக்கலாம்!