வெல்ல அடுப்புக்கு அலுமினேட் சிமெண்ட்: பயனும் எச்சரிக்கையும்

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அணைக்கட்டு, ஒடுகத்தூர் பகுதிகளில் கரும்பு பயிரிடும் விவசாயிகளில் பலர் தாங்களே ஆலை ஆட்டி வெல்லம் காய்ச்சி வேலூர் மண்டிக்கு அனுப்புகின்றனர். இவர்களுக்கு ஆண்டுதோறும் வரும் தொல்லை அடுப்பு வெடிப்பது. வெடிப்பு வழியே குளிர்ந்த காற்று புகுந்தால் தீயின் வேகம் குறைந்து, சக்கை அதிகம் செலவாகும்; சக்கை பற்றாவிட்டால் விறகு வாங்க வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து, கொப்பரை உட்காரும் விளிம்பு நொறுங்குவது. பாகு இறக்கும் பதத்தில் அதன் சூடு ஏறத்தாழ 118 டிகிரி சென்டிகிரேடு இருக்கும். அந்த நேரத்தில் கொப்பரை சாய்ந்தால் அருகில் நிற்பவரின் உயிருக்கே ஆபத்து.

சாதாரண சிமெண்ட் ஏன் தாங்குவதில்லை?

வீடு கட்டும் போர்ட்லண்ட் சிமெண்ட் தண்ணீருடன் சேர்ந்து இறுகும்போது அதனுள் நீறிய சுண்ணாம்பும் உண்டாகிறது. சூடு ஏறத்தாழ 450 டிகிரியைத் தாண்டினால் அது நீரை இழந்து சுட்ட சுண்ணாம்பாக மாறும். அடுப்பு ஆறிய பின் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து மறுபடியும் நீறிப் பருக்கும். கிளிஞ்சல் சுண்ணாம்பில் தண்ணீர் தெளித்தால் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவேதான் அடுப்புச் சுவருக்குள்ளும் நடக்கிறது. எரியும்போது நன்றாக இருந்த அடுப்பு, மழைக்காலத்தில் சும்மா கிடக்கும்போது உதிர்வதற்குக் காரணம் இதுவே.

அலுமினேட் சிமெண்ட் என்பது என்ன?

பாக்சைட் கனிமத்தையும் சுண்ணாம்புக் கல்லையும் சேர்த்துக் கடுஞ்சூட்டில் உருக்கி அல்லது சுட்டு, அரைத்து எடுப்பது இது. கடைகளில் 'ஹை அலுமினா சிமெண்ட்' என்று கேட்டால் கிடைக்கும். பாக்சைட் நமக்குப் புதிதல்ல. ஏற்காடு, கொல்லிமலை உச்சிகளில் வெட்டப்பட்டு மேட்டூர் அலுமினிய ஆலைக்குச் சென்ற கல்தான் அது. இந்த சிமெண்டுக்கு பிரான்சில் 1908-ஆம் ஆண்டு காப்புரிமை பெறப்பட்டது. கந்தக உப்பு மிகுந்த நிலத்தில் கட்டடம் அரிபடாமல் இருக்கவே முதலில் இதைத் தேடினார்கள். பின்னர் உலைகளுக்கும் ஏற்றது என்று கண்டார்கள்.

இது இறுகும்போது நீறிய சுண்ணாம்பு உண்டாவதில்லை. கடுஞ்சூட்டில் நீர் வெளியேறிய பின், சுட்ட பானைபோல் துகள்கள் ஒன்றோடொன்று பிணைகின்றன. சுமார் 40 சதம் அலுமினா உள்ள சாம்பல் நிறச் சரக்கே வெல்ல அடுப்புக்குப் போதுமானது. 70 சதமும் அதற்கு மேலும் உள்ள வெள்ளைச் சரக்கு எஃகு ஆலைகளுக்கு உரியது. நமக்கு அது வீண் செலவு.

எங்கே பூச வேண்டும்?

இதன் விலை சாதாரண சிமெண்டைவிடப் பல மடங்கு. ஆகவே அடுப்பு முழுவதற்கும் இது தேவையில்லை. தீ நேராகப் படும் அடுப்பு வாய், எரியறையின் உட்புறம், கொப்பரை உட்காரும் விளிம்பு, புகைபோக்கிக்குச் செல்லும் கழுத்து ஆகிய இடங்களுக்கு மட்டும் போதும். வெளிச்சுவரைச் சாதாரணச் செங்கல்லும் களிமண் சாந்தும் கொண்டு கட்டலாம். வீட்டுச் சமையல் அடுப்புக்கு நம் களிமண்ணே போதும்.

கலக்கும் முறை

1. உலைச் செங்கல்லை (ஃபயர் பிரிக்) உடைத்த ஜல்லியும் தூளும் 3 முதல் 4 பங்கு, சிமெண்ட் 1 பங்கு என்று கலக்க வேண்டும். ஆற்று மணலும் கருங்கல் ஜல்லியும் கூடாது. அவற்றிலுள்ள படிகக்கல் 573 டிகிரியில் திடீரெனப் பருத்துச் சுவரைப் பிளக்கும்.

2. சாதாரண சிமெண்டோ சுண்ணாம்போ சிறிதும் சேரக்கூடாது. சேர்ந்தால் சட்டியிலேயே சில நிமிடங்களில் இறுகிவிடும். கொத்தனாரின் கரண்டி, சட்டி ஆகியவற்றைக் கழுவிய பிறகே வேலை தொடங்க வேண்டும்.

3. நல்ல குடிநீரையே பயன்படுத்த வேண்டும். கையில் உருட்டினால் உருண்டை நிற்கும் அளவுக்குத் தண்ணீர் போதும். கலந்ததை அரை மணிக்குள் பூசி முடிக்க வேண்டும்.

4. பூசி இறுகிய பின் ஒரு நாள் முழுவதும் ஈரச் சாக்கு போர்த்தி வைக்க வேண்டும். அதன்பின் இரண்டு நாள் நிழலில் உலர விட வேண்டும்.

5. கொப்பரையில் தண்ணீர் நிரப்பி முதல் நாள் சிறு தீ, மறுநாள் நடுத்தரத் தீ, அதன் பிறகே முழுத் தீ என்று எரிக்க வேண்டும். எடுத்தவுடன் முழுத் தீ வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் பூச்சு வெடித்துத் தெறிக்கும்.

பொங்கலுக்கு வெல்லம் காய்ச்ச மார்கழியில் அவசரமாக அடுப்பு பூசுவதைத் தவிர்க்கவும். மலையடிவாரத்தின் மார்கழிக் குளிரில் இறுகும் பூச்சில் நுண்துளைகள் குறைவு. ஆவி வெளியேற வழியின்றி வெடிக்கும் அபாயம் கூடும். ஆனி, ஆடி மாதங்களில் மழையற்ற நாள் பார்த்துப் பூசி வைப்பதே நல்லது.

வீட்டுக் கூரைக்கு வேண்டாம்

அடுப்பு பூசி மீந்த மூட்டையை வீட்டு உத்திரத்துக்கோ தண்ணீர்த் தொட்டிக்கோ போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேறு சிமெண்டுகள் பல நாளில் பெறும் பலத்தை இது ஒரே நாளில் பெறுவதால் இந்த ஆசை எழுகிறது. ஆனால் அந்த பலம் நிலையானதல்ல. வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் இதன் படிகங்கள் நாளடைவில் வேறு வடிவத்துக்கு மாறிச் சுருங்கி, உள்ளே துளைகள் விழும். பலம் வெகுவாகக் குறையும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

1974 பிப்ரவரியில் லண்டனில் ஒரு பள்ளியின் நீச்சல் குளக் கூரையில் இந்த சிமெண்டால் செய்த உத்திரங்கள் முறிந்து விழுந்தன. முந்தைய ஆண்டில் வேறொரு பள்ளி மண்டபக் கூரையும் விழுந்தது. அதன் பிறகு அந்நாட்டில் பாரம் தாங்கும் வேலைகளுக்கு இதை ஒதுக்கிவிட்டார்கள். குளிர் நாட்டிலேயே இப்படி என்றால் நம் வெயிலுக்கும் மழைக்கும் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவில் கட்டட வேலைக்கென ஐ.எஸ். 6452 என்ற தரம் உண்டு. ஆயினும் தகுதி பெற்ற பொறியாளரின் கணக்கின்றி எவரும் இதில் இறங்கக் கூடாது.

மீந்த சிமெண்டைக் காற்றும் ஈரமும் புகாத டப்பாவில் கட்டி வைத்து, அடுப்பில் விரிசல் கண்டால் அடைக்கப் பயன்படுத்தலாம். கட்டி தட்டிய சிமெண்டைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். அலுமினேட் சிமெண்டின் இடம் அடுப்புக்குள்தான். தலைக்கு மேல் அல்ல.