மூன்றாவது கை

பியானோவுக்கு ஒரு பிறவிக்குறை உண்டு. கட்டையை அழுத்தியதும் உள்ளே இருக்கும் சுத்தியல் கம்பியைத் தட்டிவிட்டு விலகிவிடும். அதன்பின் எந்த மேதையாலும் அந்த ஸ்வரத்தைப் பெருக்க முடியாது. அது தேய்ந்துகொண்டேதான் போகும். இத்தாலிய ஓபராவுக்கோ கார்வைதான் உயிர். பாடகி ஒரே ஸ்வரத்தில் நின்று, மெல்லத் தொடங்கிப் பெருக்கி, மறுபடி இழைத்து முடிப்பார். ஆனாலும் 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸின் பியானோ வித்வான்கள் விரும்பி வாசித்தது ஓபராப் பாட்டுகளைத்தான்.

1837 மார்ச் 31 அன்று இளவரசி கிறிஸ்தீனா பெல்ஜியோயோசோ, இத்தாலிய அகதிகளுக்கு நிதி திரட்டத் தன் பாரிஸ் மாளிகையில் ஒரு கச்சேரி வைத்தார். டிக்கெட் 40 ஃபிராங்க். ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்து கொண்டாடிய பியானோ வித்வான்கள் ஃபிரான்ஸ் லிஸ்ட்டும் சிகிஸ்மொண்ட் தால்பெர்க்கும் ஒரே நாளில் வாசித்தார்கள். லிஸ்ட் எடுத்துக்கொண்டது பச்சீனியின் ‘நியோபே’ ஓபரா. தால்பெர்க் எடுத்துக்கொண்டது ரொசீனியின் ‘மோசே’. யார் ஜெயித்தார் என்ற வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. என் கவனமெல்லாம் தால்பெர்க்கின் கட்டைவிரல்கள்மேல்தான்.

‘மோசே’ உருப்படியின் கடைசியில், செங்கடலைக் கடக்குமுன் எபிரேயர்கள் பாடும் பிரார்த்தனை வருகிறது. அந்த மெட்டு பியானோவின் நடுப்பகுதியில் நிதானமாக நடக்க, அதன் மேலும் கீழும் ஸ்வரங்கள் அலையலையாகப் புரள்கின்றன. கேட்பவருக்கு மூன்று கைகள் வாசிப்பதாகவே படும். தால்பெர்க்கோ உடம்பை அசைக்காமல் உட்கார்ந்து வாசிப்பவர். அந்தக் கை எங்கிருந்து முளைக்கிறது என்று பார்க்க ஜனங்கள் எழுந்து நின்றதாகச் சொல்வார்கள்.

மெட்டின் ஒரு ஸ்வரத்தை இடக் கட்டைவிரல் தட்டும், அடுத்ததை வலக் கட்டைவிரல். தட்டிய கை அங்கே தங்காது. மற்ற விரல்களோடு மேலேயோ கீழேயோ ஓடிவிடும். விட்டுப்போன ஸ்வரத்தைத் தாங்குவது கால். வலப்பக்கப் பெடலை மிதித்தால், கம்பிகளை அடக்கி வைத்திருக்கும் திண்டுகள் எல்லாம் ஒருசேர மேலெழும். விரல் எடுத்த பிறகும் கம்பி அதிரும். தட்டப்படாத கம்பிகளும் அனுதாபமாய்க் கூட அதிரும்.

சரி, தேய்மானம்? கம்பிகளுக்குள்ளேயே அதற்கு ஒரு ரகசியம் இருக்கிறது. நடுப்பகுதியில் ஒரு ஸ்வரத்துக்கு மூன்று கம்பிகள். சுத்தியல் பட்டதும் மூன்றும், கயிற்றைச் சேர்ந்து இழுக்கும் மூன்று ஆட்களைப்போல, கம்பிகளைத் தாங்கும் ‘குதிரை’ என்ற கட்டையை ஒரே திசையில் இழுக்கின்றன. ஆற்றல் மொத்தமும் ஒலிப்பலகைக்குப் பாய்கிறது. சத்தம் பெரிதாக எழுந்து வேகமாகச் சரிகிறது. ஆனால் மூன்றின் சுருதியும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருப்பதில்லை. சற்று நேரத்தில் அவை எதிரெதிராக ஆடத் தொடங்கும். ஒன்றின் இழுப்பை மற்றொன்று தின்றுவிடுவதால் ஆற்றல் கசிவது குறைகிறது. மெலிந்த ஒலி ஒன்று வெகுநேரம் நிற்கிறது. இந்த இரண்டு கட்டத் தேய்வை 1977இல் விளக்கியவர் இயற்பியலாளர் கேப்ரியேல் வைன்ரைக். சுருதி கூட்டுபவர் மூன்று கம்பிகளையும் துல்லியமாக ஒன்றாக்கிவிட்டால் கார்வை குறைந்துபோகும் என்பதுதான் இதில் வேடிக்கை.

மிச்சத்தைக் காது பார்த்துக்கொள்கிறது. அழுத்தித் தட்டிய ஸ்வரங்களை அது தனியே கோத்து ஒரே குரலாக்கிவிடும். இடைவெளியை அலைகள் மூடிவிடும். தால்பெர்க் இதைக் கணக்குப் போட்டுச் செய்தாரா என்று கேட்டால், செவியால் செய்தார் என்றே சொல்வேன். இத்தாலிய முறைப்படி ஐந்து ஆண்டுகள் பாட்டுக் கற்றவர் அவர். 1853இல், பாடும் கலையைப் பியானோவுக்குக் கொண்டுவருவது பற்றி ஒரு தொகுப்பே வெளியிடத் தொடங்கினார்.

கச்சேரி நடந்த அந்த 1837இன் ஜனவரியில்தான் தால்பெர்க்கின் படைப்புகளை லிஸ்ட் பத்திரிகையில் கிழித்துத் தொங்கப்போட்டிருந்தார். அதே லிஸ்ட் 1840களின் பிற்பாதியில் எழுதிய ‘உன் சொஸ்பீரோ’ என்ற பியானோ உருப்படியை வாசித்துப் பாருங்கள்: இரு கைகளும் மாறி மாறித் தட்டும் மெட்டு, சுற்றிலும் அதே அலைகள்.