ஏரிக்கரைக்கு யார் பொறுப்பு?

மண்ணால் போட்ட எந்தக் கரையும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். ஏரி நிறைந்திருக்கும்போது கரையின் வெளிப்புற அடிவாரத்தில் தண்ணீர் தெளிவாக ஊறி வந்தால் பதற வேண்டியதில்லை. அளவு கூடுகிறதா என்று தினமும் பார்த்து வர வேண்டும். அதுவே கலங்கி வந்தால் கரைக்குள்ளிருந்து மண் போகிறது. கசியும் வாயில் தொடங்கும் அரிப்பு, ஏரிப் பக்கமாக உள்ளே துளைத்துக்கொண்டே போகும். துளை தண்ணீரைத் தொட்டுவிட்டால் சில மணி நேரத்தில் கரை போய்விடும்.

அந்த வாயைக் களிமண்ணால் அடைக்கத்தான் கை பரபரக்கும். அடைக்கக் கூடாது. அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி, தண்ணீர் பக்கத்திலேயே வேறு வழி தேடிக்கொள்ளும். முதலில் மணல், அதன்மேல் பொடி ஜல்லி, அதற்கும் மேல் பெரிய ஜல்லி என்று கொட்டிச் சுற்றிலும் மணல் மூட்டை அடுக்க வேண்டும். தண்ணீர் வெளியேறும், மண் நின்றுவிடும். பெரிய மண் அணைகளுக்குள் பொறியாளர்கள் வைக்கும் வடிகட்டி அடுக்கும் இதே ஏற்பாடுதான். மதகுக் குழாய் கரைக்குள் செல்லும் இடம், பட்டுப்போன மரத்தின் வேர்த்தடம், எலி வளை, நண்டு வளை ஆகியவற்றை முதலில் கவனிக்க வேண்டும்.

இதைவிட வேகமாகக் கரையை முடிப்பது, தண்ணீர் கரைமேல் ஏறி வழிவது. அதைத் தடுக்கத்தான் கலிங்கு. கரை உச்சிக்குத் தாழ்வாகக் கல்லால் கட்டிய உபரிநீர் வழி அது. பழைய கலிங்குகளின்மேல் குத்துக்கற்கள் வரிசையாக நிற்கும். மழை ஓயும் நேரத்தில் அவற்றுக்கிடையே பலகையோ மண்ணோ வைத்து இன்னும் கொஞ்சம் தண்ணீர் பிடிப்பார்கள். ஏரிப் பாசன நிலமுள்ள ஆயக்கட்டுக்காரருக்கு அது கடைசி ஒரு பாய்ச்சல். ஆனால் அடுத்த பெருமழைக்குள் அந்த அடைப்பை எடுத்தாக வேண்டும்.

எடுப்பது யார்? சோழர் காலத்து உத்திரமேரூரில் ஏரியைக் கவனிக்கும் குழுவாக ஏரி வாரியம் இருந்தது. பின்னாளில் பல ஊர்களில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார். அறுவடையில் பங்கு வாங்கிக்கொண்டு மடையையும் கரையையும் பார்த்தார். இன்று ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் ஏரி நீர்வளத்துறையிடம், அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்திடம். நிலம் புறம்போக்கு. மீன் குத்தகை வேறொருவருக்கு. மீன் தப்பாமல் இருக்க அவர் கலிங்கில் வலை கட்டினால் அதில் தழையும் செத்தையும் சேர்ந்து தண்ணீரை மறிக்கும். 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றில் சிலவற்றையும்தான் கணக்கில் எடுக்கிறது. நம் ஏரிக்கரைகளில் பெரும்பாலானவை அவ்வளவு உயரம் இல்லை.

உயரம் குறைவு என்பதால் ஆபத்து குறைந்துவிடவில்லை. ஏரிகள் சங்கிலியாக அமைந்தவை. மேல் ஏரி உடைந்தால் அத்தனை தண்ணீரும் கீழ் ஏரியின் கரையில் வந்து மோதும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியபோது தூத்துக்குடி மாவட்டத்தில் பல குளங்கள் உடைந்தன.

எந்தத் துறையின் ஏரியானாலும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் கலிங்கைத் திறந்துவிடுபவர் யார், மதகு ஷட்டர் சாவி யாரிடம், ராத்திரியில் கரை நடப்பவர் யார் என்பதை மதகுச் சுவரில் பெயரும் தொலைபேசி எண்ணுமாக எழுதிவைக்க வேண்டும். அந்த ஆட்களுக்கு மாதச் சம்பளமும் தர வேண்டும்.