கோல் கம்பம் சாய்ந்தால் யார் பொறுப்பு?

பின்னேரம் நாலரை மணி. கொழுந்து நிறுத்துவிட்டு அம்மாமார் லயத்துக்குத் திரும்பும் நேரம். பசறையானாலும் சரி, ஹாலி-எல, நமுனுகுல, அப்புத்தளை, பண்டாரவளையானாலும் சரி, தோட்டத்தில் மட்டமான இடம் எங்கே இருக்கிறதோ அங்கே பிள்ளைகள் பந்தோடு நிற்பார்கள். பொங்கல், தீபாவளி, கோயில் திருவிழா வந்துவிட்டால் தோட்டத்துக்குத் தோட்டம் போட்டியும் நடக்கும். நல்ல காரியம்தான். பிள்ளைகள் விளையாடத்தான் வேண்டும்.

ஆனால் அந்த மைதானத்தில் நிற்கும் கோல் கம்பத்தை நாம் யாராவது ஒரு நாள் கையால் அசைத்துப் பார்த்திருக்கிறோமா?

கம்பம் ஏன் சாய்கிறது?

பெரிய மைதானத்து கோல் கம்பம் 24 அடி அகலம், 8 அடி உயரம். 2 அங்குல இரும்புக் குழாயில் செய்தால் மேலே இருக்கும் குறுக்குக் குழாய் மட்டுமே 30 கிலோவுக்கு மேல் வரும். பாரம் முழுவதும் முன்பக்கம், மேலே இருக்கிறது. மண்ணில் புதைக்காமல் சும்மா நிறுத்தி வைத்த கம்பத்தில் ஒரு பையன் எகிறித் தொங்கினால் போதும், முன்னால் சரிந்துவிடும். விழுவது தொங்கிய பிள்ளையின் தலையிலோ நெஞ்சிலோதான்.

இது வீண் பயமுறுத்தல் அல்ல. அமெரிக்காவில் 1979 முதல் 1994 வரை இப்படிச் சாய்ந்த கோல் கம்பங்களால் குறைந்தது 21 பேர் இறந்ததாக அந்நாட்டு அரசின் பாவனைப் பொருள் பாதுகாப்பு ஆணைக்குழு கணக்கெடுத்தது. அந்தக் கம்பங்களில் அநேகமானவை கம்பெனியில் வாங்கியவை அல்ல. உள்ளூர் வெல்டிங்காரரோ பாடசாலை ஊழியரோ செய்து கொடுத்தவை. நம் தோட்டங்களிலும் கம்பம் அப்படித்தானே வருகிறது? உலக உதைபந்தாட்ட விதியின் முதலாம் பிரிவே கம்பம் நிலத்தில் உறுதியாகப் பொருத்தப்பட வேண்டும் என்கிறது.

நம் நாட்டிலும் பாடம் இருக்கிறது. 2024 பெப்ரவரியில் வெல்லம்பிட்டியில் ஒரு பாடசாலையில் தண்ணீர்க் குழாய் பொருத்திய கொங்கிறீட் சுவர் சரிந்து முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று இறந்தது. வேறு பிள்ளைகளும் காயப்பட்டார்கள். சுவரானாலும் கம்பமானாலும், பிள்ளைகள் புழங்கும் இடத்தில் ஆடுகிற பாரம் ஆபத்துதான்.

“அவன் தலையெழுத்து” என்று விடலாமா?

விபத்து நடந்தால் நம்மவர்கள் உடனே சொல்வது இதைத்தான். சட்டம் அப்படிச் சொல்வதில்லை. அது இரண்டு கேள்வி கேட்கிறது. இப்படி நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க முடியுமா? தெரிந்தால் செய்ய வேண்டியதைச் செய்தார்களா?

நட்டஈட்டு விஷயத்தில் நம் நாட்டில் உரோமன்-டச்சுச் சட்டம் நடக்கிறது. அதன் அளவுகோல் “கவனமுள்ள குடும்பத் தலைவன்”. தன் வீட்டைப் பொறுப்பாகப் பார்க்கிற ஒருவன் அந்த இடத்தில் என்ன செய்திருப்பான் என்று பார்ப்பார்கள். கம்பம் ஆடுகிறது என்று தெரிந்தும் விட்டிருந்தால் அது விதி அல்ல, கவனயீனம்.

எல்லா விபத்துக்கும் ஆள் தேடவும் முடியாது. 2014 நவம்பரில் சிட்னியில் பந்து கழுத்தில் பட்டு அவுஸ்திரேலிய வீரர் பிலிப் ஹியூஸ் இறந்தார். மரண விசாரணையில் 2016இல் யார் மீதும் குற்றம் இல்லை என்று முடிவானது. விளையாட்டோடு கூடிய ஆபத்து வேறு, கவனயீனம் வேறு.

பொறுப்பாளி யார்?

மைதானம் தோட்டத்துடையது என்றால் நிர்வாகம். போட்டி நடத்துவது இளைஞர் கழகமோ கோயில் கமிட்டியோ என்றால் அவர்கள். அரச பாடசாலை என்றால் ஆசிரியர், அதிபர். அரச ஊழியரின் கவனயீனத்துக்காக அரசாங்கத்தின் மீதே வழக்கு வைக்க 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. கவனயீனத்தால் உயிர் போனால் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின்படி 5 வருடம் வரை சிறைத்தண்டனையும் உண்டு.

“நாங்க சும்மா உதவிக்குத்தான் வந்தோம்” என்பது முழுப் பாதுகாப்பு ஆகாது. இங்கிலாந்தில் 19 வயதுக்குட்பட்டோர் ரக்பி ஆட்டம் ஒன்றில் 17 வயதுப் பையனின் கழுத்து முறிந்தது. விதிகளைக் கடைப்பிடிக்க வைக்காத நடுவரே பொறுப்பு என்று நீதிமன்றம் தீர்த்தது. 1996இல் மேன்முறையீட்டிலும் அதுவே நின்றது. பெற்றோர் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதமும் கவனயீனத்துக்குக் கொடுத்த அனுமதி அல்ல.

தொரை மைதானத்தைப் பூட்டிவிட்டால்?

இந்தப் பயம் பலருக்கு உண்டு. 1947இல் மன்செஸ்டரில் கிரிக்கெட் மைதானத்துக்கு வெளியே ரோட்டில் நின்ற பெண் மேல் பந்து பட்டது. முப்பது வருடத்தில் ஏறக்குறைய ஆறு தடவைதான் பந்து வேலி தாண்டியிருந்தது. அதனால் கழகத்தின் மேல் பிழை இல்லை என்று 1951இல் தீர்ப்பு வந்தது. சிறு ஆபத்துக்காக விளையாட்டை நிறுத்தச் சட்டம் கேட்பதில்லை. ஆனால் நம் லயத்து முற்றத்தில் பந்து தினமும் விழுகிறதே! அங்கே கதை வேறு. தோல் பந்து என்றால் 160 கிராம் வரை பாரம். லயத்துக்கும் பிள்ளை மடுவத்துக்கும் பக்கத்தில் டெனிஸ் பந்தோடு நிறுத்திக்கொள்வதே புத்தி. தோல் பந்து ஆடினால் ஹெல்மெட், காலுறைக் கவசம் இல்லாமல் பிள்ளையைத் துடுப்போடு நிறுத்தக் கூடாது.

இந்த வாரமே செய்யக்கூடியவை

1. கம்பத்தை இரண்டு பெரியவர்கள் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆடினால் அன்றைக்கு ஆட்டம் இல்லை.

2. நிரந்தரக் கம்பத்தைக் குழி வெட்டி கொங்கிறீட் போட்டு நடுங்கள். தூக்கி வைக்கும் கம்பமானால் பின்சட்டத்தை முளையடித்துக் கட்டி, மண் நிரப்பிய உரச் சாக்குகளையும் அதன்மேல் வையுங்கள். ஆட்டம் முடிந்ததும் முகம் குப்புறக் கிடத்தி மரத்தோடு சங்கிலி போடுங்கள்.

3. துரு, உடைந்த வெல்டிங், நீட்டிய கொக்கி இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். பார்த்த திகதியைக் கொப்பியில் எழுதுங்கள்.

4. பிழை கண்டால் தொரைக்கோ அதிபருக்கோ கடிதமாகக் கொடுங்கள். ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். வாயால் சொன்னது காற்றோடு போகும்.

5. “கம்பத்துல தொங்காதே” என்று பிள்ளைகளுக்குத் தினமும் சொல்லுங்கள். ஆனால் சொன்னதோடு நம் கடமை தீராது. பிள்ளை தொங்கத்தான் செய்யும் என்று நினைத்தே கம்பத்தை நடவேண்டும்.

அடிபட்டுவிட்டால்

தலை, கழுத்து, முதுகில் அடி என்றால் தூக்கி உட்கார வைக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். 1990க்கு அழையுங்கள், அந்த அம்புலன்ஸ் இலவசம். எழுந்து நடந்தாலும் வாந்தி, தூக்கக் கலக்கம், தலைவலி வந்தால் உடனே வைத்தியசாலை.

பிறகு மூன்று காரியம். பொலிசில் என்ட்ரி போடுங்கள். கம்பத்தை யாரும் அகற்றுமுன் போட்டோ எடுங்கள். வைத்தியசாலைத் துண்டுகளைப் பத்திரமாக வையுங்கள். நட்டஈட்டு வழக்குக்குப் பொதுவாக இரண்டு வருடக் கெடு உண்டு. பிள்ளைகள் விஷயத்தில் சட்டம் சலுகை தந்தாலும் தாமதிக்க வேண்டாம். காசைக் கையில் வைத்து “இதில ஒரு கையெழுத்துப் போடுங்க” என்றால், சட்ட உதவி ஆணைக்குழுவின் பதுளை அலுவலகத்தில் கேட்காமல் போடாதீர்கள். வசதி குறைந்தவர்களுக்கு அங்கே உதவி கிடைக்கும்.

ஒரு மூட்டை சிமெந்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சிரமதானமும் போதும், கம்பம் அசையாமல் நிற்கும். பிள்ளை போன பிறகு எவ்வளவு நட்டஈடு வந்தாலும் அந்த வீட்டுக்கு அது ஈடாகாது.