மலிவு விலைப் பலகைக் கணினி

நான் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் சென்ற நாளில் என் தகப்பனார் எனக்கு ஒரு கற்பலகை வாங்கித் தந்தார். அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. கீழே விழுந்து ஓரம் உடைந்தாலும் எஞ்சிய பகுதியில் எழுதலாம். இன்று அதே பெயரைத் தாங்கிய வேறொரு பலகை மாணவர் கைக்கு வந்திருக்கிறது. பலகைக் கணினி என்னும் அக்கருவியை ஏழை மாணவர்களுக்கு மலிவாக அளிக்க மேற்கொண்ட முயற்சிகளைப் பற்றியும், அவை நமக்குக் கற்பித்த பாடத்தைப் பற்றியும் சிறிது கூற விரும்புகிறேன்.

நம் நாட்டு முயற்சியையே முதலில் எடுத்துக்கொள்வோம். 2011ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் தேதி புது டில்லியில் ‘ஆகாஷ்’ என்னும் பலகைக் கணினி வெளியிடப்பட்டது. டேட்டாவிண்ட் என்ற கம்பெனி அதைத் தயாரித்தது. கருவி ஒன்றின் விலை ஏறத்தாழ 50 டாலர். அதில் ஒரு பகுதியை அரசாங்கம் மானியமாக ஏற்று, மாணவர்களுக்கு 35 டாலர் அளவில் கிடைக்கச் செய்வதே நோக்கம்.

இத்துணைக் குறைந்த விலை எவ்வாறு இயன்றது? திரையை நோக்குவோம். விரல் படும் இடத்தை உணரும் திரைகள் பெரும்பாலும் இரு வகைப்படும். ஒரு வகையில், மெல்லிய இரு படலங்கள் சிறிது இடைவெளியுடன் அமைந்திருக்கும். விரலால் அழுத்தும்போது அவை ஒன்றையொன்று தொடும். அந்த இடத்தைக் கருவி அறிந்துகொள்ளும். மற்றொரு வகை, விரலின் மின்தன்மையைக் கொண்டே இடத்தை அறிவது. அதனை அழுத்த வேண்டுவதில்லை. முன்னது மலிவு, ஆகாஷில் அமைந்தது அதுவே. அதன் நினைவகம் 256 மெகாபைட். மின்கலம் அதிகம் போனால் 3 மணி நேரம் உழைக்கும். ஆக, விலையில் குறைத்தது உழைப்பிலும் குறைந்தது. 2012 நவம்பரில் இதனினும் மேம்பட்ட இரண்டாவது ஆகாஷ் வெளிவந்தது. ஆயினும் சில ஆண்டுகளுக்குள் அத்திட்டமே நின்றுபோயிற்று.

இதற்கு முன்பே வேறு நாடுகளும் இவ்வழியில் சென்றதுண்டு. நிக்கலஸ் நெக்ரபோன்ட்டி என்ற அமெரிக்க அறிஞர், குழந்தைக்கு ஒரு மடிக்கணினி என்ற கொள்கையை 2005இல் உலகின் முன் வைத்தார். 100 டாலருக்குத் தருவதாகச் சொன்ன கருவி, தயாராகி வந்தபோது இரு மடங்கு விலையை நெருங்கியிருந்தது. தென் அமெரிக்காவிலுள்ள பெரு நாடு 8 லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகளை வாங்கியது. அந்நாட்டின் 319 கிராமப் பள்ளிகளில் நிகழ்ந்த ஆராய்ச்சியின் முடிவு 2012இல் வெளியாயிற்று. கருவி பெற்ற பிள்ளைகள், பெறாத பிள்ளைகளைக் காட்டிலும் கணக்கிலோ மொழியிலோ முன்னேறியதாகத் தெரியவில்லை. பொதுவான சிந்தனைத் திறனில் மட்டும் சிறிது வளர்ச்சி காணப்பட்டது.

அப்படியானால் கருவியால் பயனே இல்லையோ என்று நேயர்கள் ஐயுறலாம். அவ்வாறு முடிவு செய்தலும் தவறு. ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டின் ஏறத்தாழ 170 சிற்றூர்களில், பள்ளி வசதி குன்றிய சிறுவர்களிடம் பலகைக் கணினிகள் கொடுக்கப்பட்டன. அப்போட்டியின் முடிவு 2019இல் வெளியாயிற்று. சேர்ந்தபோது பத்தில் ஒன்பது பேருக்கும் அதிகமானோர் ஒரு சொல்லையும் வாசிக்க அறியாதவர்கள். 15 மாதங்களில் அத்தொகை பாதியாகக் குறைந்தது. அங்குப் பாடம் அவர்கள் பேசும் சுவாஹிலி மொழியில் இருந்தது. எழுத்தறியாத குழந்தை படிப்படியாகக் கற்கும் முறையில் பாடங்கள் ஆக்கப்பட்டிருந்தன. மின்கலத்துக்குச் சக்தி ஏற்றச் சூரிய ஒளி நிலையங்களும் அமைத்தனர். கருவியைச் சுற்றி இவ்வளவு ஏற்பாடு இருந்ததை நாம் மறத்தலாகாது.

என் அனுபவம் ஒன்றையும் கூறிவிடுகிறேன். நான் பணியாற்றிய பள்ளிக்கு ஒரு முறை இத்தகைய கருவிகள் சில நன்கொடையாக வந்தன. வகுப்பறையில் மின்சாரம் எடுப்பதற்கு இருந்த இடம் ஒன்றே ஒன்று. உள்ளே இருந்த பாடங்களோ எங்கள் பிள்ளைகளுக்குப் புரியாத ஆங்கிலத்தில். உடைந்தால் யார் பொறுப்பு என்பதற்கும் விடையில்லை. ஆகவே அவற்றைப் பீரோவில் வைத்துப் பூட்டினோம். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, “அது எங்களுக்கு எப்போ சார் கிடைக்கும்?” என்று அடிக்கடி கேட்பாள். “அடுத்த வாரம்” என்று சொல்லி வந்தேன். அவள் எட்டாம் வகுப்பு முடித்துச் சென்றபோதும் பூட்டுத் திறக்கவில்லை. சாவி என்னிடமே இருந்தது. பின்னாளில் திறந்து பார்க்கையில் மின்கலங்கள் உப்பிப் பயனற்றுப் போயிருந்தன.

குறையைப் பிறர்மேல் சுமத்த நான் விரும்பவில்லை. உடைந்தாலும் போகட்டும் என்று துணிந்து அச்சிறுமியின் கையில் ஒன்றைக் கொடுத்திருக்கலாம். ஆனால் அந்தத் துணிவை ஆசிரியருக்கு அளிப்பதும் திட்டத்தின் ஒரு பகுதியே. ஆதலால் மலிவான கருவி என்று கேள்விப்படும்போது விலையை மட்டும் வினவாதீர்கள். மின்சாரம் எங்கிருந்து வரும், பாடம் எந்த மொழியில் இருக்கும், பழுதானால் யார் சீர்செய்வார், ஆசிரியருக்குப் பயிற்சி உண்டா என்ற நான்கையும் சேர்த்துக் கேளுங்கள். இந்நான்கிற்கும் ஆகும் செலவைக் கூட்டிப் பார்த்தால் வருவதே அக்கருவியின் உண்மையான விலை. அந்த விலையைக் கொடுக்க நாம் முன்வந்தால், பூட்டிய பீரோவின் முன் எந்தக் குழந்தையும் காத்து நிற்க வேண்டியிராது.